காயம் ஆறியாச்சு... கார் சாவி மட்டும் ஏன் கனக்கிறது?

விபத்தில் அடிபட்ட உடம்புக்கு வைத்தியம் உண்டு. அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கவே நடுங்கும் மனதுக்கு? வீடு, டிரைவிங் ஸ்கூல், மருத்துவமனை மூன்றும் செய்ய வேண்டியது என்ன?

காலை ஆறு மணி, சென்னை அண்ணா நகர். பால் வண்டிகள் போய்விட்டன, ஸ்கூல் வேன்கள் இன்னும் வரவில்லை. சிவப்பு 'எல்' ஒட்டிய வெள்ளை கார் ஒன்று இரண்டாவது கியரில் ஊர்கிறது. ஸ்டியரிங்கில் நாற்பது வயதைத் தொடும் ஒரு பெண். பக்கத்தில் டிரைவிங் மாஸ்டர். பின் சீட்டில் நான்.

தூரத்துக் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு தண்ணீர் லாரி எட்டிப் பார்க்கிறது. இடையில் நூறடிக்கு மேல் காலி ரோடு. ஆனால், அந்தப் பெண்ணின் இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் கிளச்சையும் பிரேக்கையும் மிதிக்கின்றன. கார் குலுங்கி நிற்கிறது.

''வண்டி நின்னுடுச்சு பாருங்க மேடம். என் பக்கத்து பிரேக்கை நான் தொடவே இல்ல. நீங்களேதான் நிறுத்தினீங்க'' என்கிறார் மாஸ்டர். அந்தப் பெண் தலையாட்டுகிறார். கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு ஸ்டியரிங்கை இறுக்கிய விரல்கள் மட்டும் தளரவில்லை.

சில வருடங்களுக்கு முன், திண்டிவனம் அருகே இவர்கள் வந்த கார் மீது லாரி மோதியது. ஓட்டியவர் கணவர், இவர் பக்கத்து சீட்டில். காலர் எலும்பு முறிந்து கூடியது. பிசியோதெரபி முடிந்தது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தது, வேறு காரும் வந்தது. விபத்துக்குச் சில நாள் முன்பு இவர் ஆசையாக எடுத்திருந்த எல்.எல்.ஆர். மட்டும் ஆறு மாதக் கெடு தாண்டிக் காலாவதியானது. இப்போது கையில் இருப்பது இரண்டாவது எல்.எல்.ஆர்.

விபத்துக் கணக்கெடுப்பில் இறந்தவர், பலத்த காயம், லேசான காயம் என்று கட்டங்கள் உண்டு. அதற்குப் பிறகு வண்டியைத் தொடவே முடியாமல் போனவர்களுக்குக் கட்டம் கிடையாது. அவர்களுடைய பயம் கோழைத்தனமும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. முறையாகப் பார்த்தால் தீரக்கூடியது. நாம் காட்டும் அலட்சியமும், சில சமயம் நாம் காட்டும் அன்பும்தான் அதை ஆயுளுக்கும் நீட்டிவிடுகின்றன.

ஒரே நொடியில் படித்த பாடம்

ஆபத்தை அடையாளம் காணும் வேலையில் மூளைக்குள் முக்கியப் பங்கு அமிக்டலா என்ற பகுதிக்கு. மோதிய நொடியில் கேட்ட ஹாரன், டயர் தேய்ந்த வாடை, கண்ணில் அடித்த ஹெட்லைட் எல்லாமே 'ஆபத்து' என்று அங்கே பதிவாகிவிடும். பிறகு இவற்றில் ஒன்று தென்பட்டால் போதும். யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு அடைக்கும்.

அந்த நிலையில் காரை விட்டு இறங்கினால் உடனே நிம்மதி. சிக்கல் இந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது. தவிர்த்தோம், தப்பித்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் சுலபமாகிறது. ஒரு சம்பவத்தால் பிறக்கும் பயம் தவிர்ப்பதால் வளர்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் 1940-களிலேயே விளக்கிவிட்டார்.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் எட்வர்ட் பிளான்சர்டும் எட்வர்ட் ஹிக்ளிங்கும் 1990-களில் விபத்தில் தப்பியவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மருத்துவ உதவி தேடி வந்த 158 பேரில் சுமார் 39 சதவிகிதம் பேருக்கு, விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. அடியோடு ஓட்டுவதை விட்டவர்கள் குறைவு. பகலில் மட்டும், தெரிந்த ரோட்டில் மட்டும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று ஓட்டுவதைச் சுருக்கிக்கொண்டவர்களே அதிகம். வெளிப்பார்வைக்கு இவர்கள் 'சரியாகிவிட்டவர்கள்'. அதனாலேயே இவர்களுக்கு உதவி போய்ச் சேருவதில்லை.

■ எண்கள் பேசுகின்றன

• 2022-ல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள்: 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர்.

• அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

• விபத்து நடந்து மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை தொடரும் கடுமையான பதற்றம், கெட்ட கனவு, தவிர்ப்பு ஆகியவற்றுக்கு 'தீவிர மன அழுத்தக் கோளாறு' என்று பெயர். ஒரு மாதத்தைத் தாண்டினால் அது வேறு நோய். தனியே சிகிச்சை தேவை.

சுருங்கிப்போகும் வாழ்க்கை

ஒரு வீட்டில் ஒருவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தினால், அந்த வீட்டின் நாள் முழுக்க மாறுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நர்ஸ், பஸ் போகாத ஊரில் வேலை பார்க்கும் டீச்சர், நாலு ஊர் சுற்றினால்தான் ஆர்டர் எடுக்க முடியும் என்கிற சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ் ஆகியோருக்கு ஸ்டியரிங் என்பது சம்பளம். பயத்தால் இவர்கள் முதலில் பதவி உயர்வை வேண்டாம் என்கிறார்கள், பிறகு டிரான்ஸ்ஃபரை, கடைசியில் வேலையையே. ஹெச்.ஆர். கோப்பில் பதிவாகும் காரணம் 'குடும்பச் சூழல்'.

வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டிய மகளுக்கு ஒவ்வொரு முறையும் கால் டாக்ஸி. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் வாசலில் கார் நிற்கும். எடுக்க ஆள் இருக்காது. பெண்கள் விஷயத்தில் இழப்பு இரட்டிப்பு. கார் ஓட்டக் கற்பதற்கே வீட்டில் பல வருடம் பேசிப் பேசி சம்மதம் வாங்கியிருப்பார்கள். ஒரு விபத்து, அதுவும் வேறு யாரோ ஓட்டியபோது நடந்த விபத்து, அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

அடுத்து, பின் சீட்டுக் குழந்தைகள். ஏழு வயதில் தூக்கத்திலிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தத்தில் விழித்த பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. நண்பர்கள் எல்லோரும் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் 'எக்ஸாம் முடியட்டும்', 'காலேஜ் சேர்ந்துட்டுப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறான். அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். கார் என்பது குறித்து அவன் உடம்பு கற்ற முதல் பாடமே அந்த விபத்துதான் என்பது வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த இரவைப் பற்றி அவனிடம் யாருமே பேசியிருக்கவும் மாட்டார்கள்.

ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் நிலை எல்லாவற்றையும்விடக் கடினம். லாரி, டாக்ஸி, வேன் டிரைவர்களுக்குப் பயந்து ஒதுங்கும் வசதி இல்லை. தையல் பிரித்த கையோடு டியூட்டிக்குப் போக வேண்டும். 'பயமா இருக்கு' என்று சொன்னால் வண்டி கைமாறிவிடும். அதனால் சொல்வதில்லை. தூக்கம் வராத இரவுகளைக் குடியால் சமாளிக்கிறார் ஒருவர், கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையால் சமாளிக்கிறார் இன்னொருவர். மறுநாள் அதே மந்தத்தோடு நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். இந்த இடத்தில் அது ஒருவருடைய சொந்தப் பிரச்னையாக இல்லாமல், எதிரே வரும் நம் எல்லோருடைய பிரச்னையாகவும் ஆகிறது.

தான் ஓட்டிய காரில் உடன் வந்தவரைப் பறிகொடுத்தவர்கள் தனி. அவர்களை ஸ்டியரிங் பக்கம் போகவிடாமல் தடுப்பது பயம் மட்டுமில்லை. குற்ற உணர்வும் துக்கமும் சேர்ந்தது. 'ஓட்டிப் பழகினா சரியாயிடும்' என்ற யோசனை அவர்களுக்குப் போதாது. முதலில் பேச வேண்டும். அதைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

பயத்தோடு ஓட்டினாலும் ஆபத்து

பயந்தவர் ஜாக்கிரதையாக ஓட்டுவார் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் உண்மை. ஜாஷுவா கிளாப், கேல் பெக் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-ல், டிரைவிங் பதற்றம் நடத்தையில் மூன்று விதமாக வெளிப்படுவதாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, அளவுக்கு மீறிய எச்சரிக்கை. இரண்டு, கவனம் சிதறிச் செய்யும் தவறுகள். மூன்று, கோபம்.

நம் சாலைகளில் இம்மூன்றையும் தினமும் பார்க்கிறோம். பைபாஸின் வலது ஓரத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வது, காரணமே இல்லாமல் சடன் பிரேக் போடுவது, ஜங்ஷன் நடுவில் உறைந்து நிற்பது, லாரி வருகிறதே என்று பதறி இண்டிகேட்டர் போடாமல் ஒடிப்பது, பின்னால் ஹாரன் அடித்தவரை இறங்கித் திட்டுவது. பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்து, ''பார்த்து... பார்த்து!'' என்று அலறுவதும் இந்த ரகம்தான். அந்த அலறல், ஓட்டுபவரின் கவனத்தையும் சேர்த்துக் கலைக்கிறது.

இதற்கு ஒரு மருந்து, வேகத்தைப் பற்றிய நேரடி அறிவு. மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் போகும் காரை, காய்ந்த ரோட்டில் கண்டு உணர்ந்து நிறுத்த சுமார் 12 மீட்டர் தேவை, 96 கி.மீ. வேகத்தில் சுமார் 73 மீட்டர் தேவை என்று பிரிட்டன் அரசின் சாலைக் கையேடு சொல்கிறது. வேகம் மூன்று மடங்கானால் தூரம் ஆறு மடங்கு. இதை மைதானத்தில் ஓட்டிப் பார்த்து, நின்ற இடம்வரை நடந்து அளந்தவருக்கு, எது ஆபத்தான இடைவெளி, எது தாராளமான இடைவெளி என்ற அளவு பிடிபடும். தூரத்தில் வரும் எல்லா லாரியும் மேலே வந்து விழப்போவதில்லை என்று கண்ணே சொல்லும்.

'விடும்மா, உனக்கெதுக்கு இந்த வேலை?'

விபத்துக்குப் பிறகு வீட்டில் முதலில் கேட்கும் குரல் இது. பாசத்தில் சொல்வதுதான். 'டிரைவர் வச்சுக்கலாம்', 'கெட்ட நேரம் முடியட்டும்', 'உயிர் பிழைச்சதே பெரிசு' என்று ஆறுதல்கள் தொடரும். ஆனால், ஒவ்வொன்றும் தவிர்ப்பதற்கு வீடே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அனுமதி.

நேர் எதிரான தவறும் நடக்கிறது. 'இதுக்கெல்லாமா பயப்படுறது?' என்று சாவியைக் கையில் திணித்து, எடுத்த எடுப்பில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிடும் கணவர்களும் அண்ணன்களும் உண்டு. நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது பாதி வழியில் இறங்க நேர்ந்தால், 'நினைத்தது சரிதான், என்னால் முடியாது' என்று மனம் தீர்ப்பெழுதிவிடும். மறுபடி ஆரம்பிப்பது முன்னைவிடக் கஷ்டம்.

சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில் வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படும் குடும்பங்களைப் பார்க்கலாம். விபத்துக்குப் பின் காரை முதன்முதலாக எடுப்பவருக்கு அந்த வழிபாடு தரும் தைரியம் மதிக்க வேண்டியது. அந்தத் தைரியம் சூடு ஆறுவதற்குள் முதல் பத்து நிமிட ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். பூஜை போட்ட கார் மறுபடி ஷெட்டுக்குள் போய் நின்றுவிடக் கூடாது.

வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி, 'இன்னிக்கு எதுவரைக்கும் போகலாம்னு இருக்க?' என்பது. அளவை முடிவு செய்பவர் ஓட்டுபவர். கூட வருபவர் போனை எடுத்து வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாலே பெரிய உதவி.

படிப்படியாக, ஆனால் நிறுத்தாமல்

பயத்தைச் சிறு சிறு படிகளாக்கி, ஒவ்வொன்றாகப் பழகித் தாண்டும் முறையை தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்ப் 1958-ல் நூலாக எழுதினார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் பழக்கமும் அவர் தந்ததே. விபத்து போன்ற கொடும் அனுபவங்களுக்கு, நினைவையும் இடங்களையும் பாதுகாப்பாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையை எட்னா ஃபோவா பின்னாளில் வளர்த்தெடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு அறிதிறன் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவுகளைக் கொண்டு செய்யும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையையும் பரிந்துரைக்கின்றன. விபத்து நடந்த முதல் மாதத்தில் பதற்றத்தைக் குறைக்கவென்று பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளைத் தரக் கூடாது என்கின்றன. தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை. 'இது பாதுகாப்பானது' என்ற புதிய பாடம் அதன் மேல் வலுப்பெறுகிறது. ஒரே தெருவில், ஒரே நேரத்தில் மட்டும் ஓட்டிப் பழகினால் அந்தப் பாடம் அந்தத் தெருவோடு நின்றுவிடும். பயிற்சி பல ரோடுகளில், வெவ்வேறு நேரங்களில் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது அதனால்தான்.

■ ஏறிப் பழக எட்டுப் படிகள்

1. இன்ஜினை அணைத்த காரில், டிரைவர் சீட்டில் சும்மா உட்காருங்கள். மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள்.
2. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, கிளச், பிரேக், ஹேண்ட் பிரேக் பழகுங்கள்.
3. காலி மைதானத்தில் முதல் கியர். எடுக்க, நிறுத்த. ஹாஃப் கிளச் காலுக்குப் பிடிபடும்வரை.
4. ஞாயிறு அதிகாலை, குடியிருப்புத் தெரு.
5. நெரிசல் இல்லாத நேரத்தில் சிக்னல் உள்ள மெயின் ரோடு.
6. மாலை நெரிசல், பிறகு இருட்டு.
7. பைபாஸில் இடது ஓரமாக, பஸ் லாரிகளோடு.
8. விபத்து நடந்த சாலை. முதலில் பயணியாக, பிறகு ஓட்டுநராக.

ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு மார்க் போடுங்கள். 70-ல் ஆரம்பித்தது பாதியாகக் குறையும்வரை அதே படியில் இருங்கள். உச்சத்தில் இறங்கி ஓடாதீர்கள். விபத்துக் காட்சி கண்முன் ஓடி, தன்னை மறக்கும் நிலை வருபவர்கள் இதைத் தனியாக முயல வேண்டாம். மனநல மருத்துவரின் வழிகாட்டலோடு செய்யுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் மாற வேண்டும்

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காருக்கான பயிற்சி குறைந்தது 21 நாள். அதில் நேரடியாக ஓட்டுவது குறைந்தது 10 மணி நேரம். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் கட்டுப்பாடு இருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் ஒரே காரில் இரண்டு, மூன்று பேரை ஏற்றி ஆளுக்குச் சில நிமிடம் ஓட்டவிடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் பின் சீட்டில், அடுத்தவர் செய்யும் தப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். விபத்தைக் கண்டவருக்கு அந்தப் பின் சீட்டு பெரிய தண்டனை.

சேரும்போதே, 'எனக்கு விபத்து நடந்திருக்கு, தனி கிளாஸ் வேணும், ஒரே மாஸ்டர் வேணும்' என்று கேட்டு வாங்குங்கள். நல்ல மாஸ்டர் தன் பிரேக்கைச் சொல்லாமல் மிதிக்க மாட்டார். மிதித்தால் ஏன் என்று சொல்வார். ''அடுத்து லெஃப்ட், இப்பவே மிரர் பாருங்க'' என்று முன்கூட்டிச் சொல்வார். கத்த மாட்டார். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும் அந்தச் சில நொடிகளை முன்பே ஒத்திகை பார்க்க வைப்பார்: பிரேக்கும் கிளச்சும் மிதி, நியூட்ரலுக்கு வா, ஸ்டார்ட் பண்ணு, முதல் கியர், கிளம்பு. நாலு தடவை செய்து பார்த்தவருக்கு வண்டி ஆஃப் ஆவது வெறும் தாமதம், விபத்து இல்லை என்று தெரிந்துவிடும்.

கிளச்சே மலைப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் காரில் தொடங்கலாம். கால் வேலை குறைந்தால் கவனம் ரோட்டுக்குப் போகும்.

48 மணி நேரத்துக்குப் பிறகு?

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை. உயிர் காக்கும் அருமையான திட்டம். அந்த உயிர் மறுபடி முழுமையாக வாழ, 49-வது மணி நேரத்திலிருந்து மனதையும் யாராவது கவனிக்க வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் தந்திருக்கிறது. உடல் அதிர்ச்சியைப் போலவே மன அதிர்ச்சிக்கும் இழப்பீட்டில் பங்குண்டு என்பதை ஆர்.டி. ஹட்டங்காடி வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால், உரிமை கேட்கப் பதிவு வேண்டும். எக்ஸ்-ரே இருக்கும்; மனநல மருத்துவரின் சீட்டு பெரும்பாலும் இருக்காது. யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

■ உதவி எங்கே?

• ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, வண்டியில் ஏற மறுப்பது, எரிச்சல், குடி அதிகமாவது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

• அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது.

• தொலைபேசி ஆலோசனைக்கு: 14416 (டெலி மானஸ்), கட்டணம் இல்லை.

• மறுபடி ஓட்டத் தொடங்கும் முன் கழுத்து அசைவு, பார்வை, சாப்பிடும் மாத்திரைகளால் தூக்கக் கலக்கம் வருமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரி எழுதுங்கள்

கார் ஓட்டியே தீர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. பஸ்ஸும் ரயிலும் போதும் என்று ஒருவர் யோசித்து முடிவெடுத்தால் அது அவர் விருப்பம். ஓட்ட ஆசையும் தேவையும் இருந்தும், ஒரு நொடியின் நினைவு அவருக்காக முடிவெடுப்பதைத்தான் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மாற்றத்துக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆறு வாரம் கழித்து எக்ஸ்-ரே' என்று எழுதும் மருத்துவர், 'ஒரு மாதம் கழித்தும் தூக்கமில்லை, வண்டியில் ஏறப் பயம் என்றால் மனநலப் பிரிவுக்கு வரவும்' என்று இன்னொரு வரி எழுதலாம். டிரைவிங் ஸ்கூலின் சேர்க்கைப் படிவத்தில் 'முன்பு விபத்தில் சிக்கியது உண்டா?' என்று ஒரு கேள்வி சேர்க்கலாம். லாரி உரிமையாளர்களும் டிராவல்ஸ்காரர்களும், அடிபட்ட டிரைவரை முதல் சில நாள் பகல் டியூட்டியில், குறைந்த தூரத்தில், இன்னொருவர் துணையோடு அனுப்பலாம். 48 மணி நேரத் திட்டத்தில் பதிவாகும் ஒவ்வொருவரையும் ஒரு மாதம் கழித்து அழைத்து, 'தூங்குகிறீர்களா? வெளியே போய் வருகிறீர்களா?' என்று விசாரிக்கும் பொறுப்பை அரசு ஏற்கலாம்.

விபத்தில் சிக்கியவர் வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாக இன்று கணக்கு முடிக்கிறோம். அவர் தன் விருப்பப்படி மறுபடி வெளியே கிளம்பும் நாள்வரை அந்தக் கணக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.